பங்குக் கணக்கு எழுதாமல் வளவு வீடுகள் நிற்காது

செட்டிநாட்டு ஊர் ஒன்றில் பழைய வீடு இடிபட்டால், அதன்பின் எழும் புலம்பல் பெரும்பாலும் மரத்தையும் கல்லையும் பற்றியதாகவே இருக்கிறது. தேக்குத் தூண்கள் லாரியில் ஏறின, செதுக்கிய நிலைக்கதவு பழம்பொருள் கடைக்குப் போயிற்று, ஆத்தங்குடிக் கல் பெயர்க்கப்பட்டது என்று பட்டியல் போடுகிறோம். அந்த வீட்டுக்கு எத்தனை பேர் உரிமையாளர்கள், அவர்களுக்குப் பங்கு எந்த வழியில் வந்தது, எந்தத் தலைமுறையில் கணக்கு எழுதப்படாமல் நின்றுபோனது என்ற விவரம் மட்டும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. வீட்டின் அழகைப் பதிவு செய்யப் புகைப்பட நூல்கள் இருக்கின்றன, ஆவணப்படங்கள் இருக்கின்றன. வீட்டின் உரிமை வரலாற்றை ஊர்தோறும் வீடுதோறும் எழுதிவைக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. இந்தக் குறைதான் இவ்வீடுகளின் அழிவை விரைவுபடுத்துகிறது என்பது என் வாதம். நடுவே முற்றம் வைத்துக் கட்டிய வளவு வீட்டில் கட்டடம் என்பதே பங்கின் உருவம். பங்கை எழுதாமல் கட்டடத்தை மட்டும் காப்பாற்ற நினைப்பது, பாதி ஆவணத்தைக் கிழித்துவிட்டு மீதிப் பாதியைச் சட்டம் போட்டு மாட்டுவதற்குச் சமம்.

இந்த வீடுகள் எழுந்த சூழலை முதலில் பார்க்க வேண்டும். இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும், நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தின் ஊர்கள் முன்பு 96 என்பது அவர்கள் மரபு. இன்று எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 75. வறண்ட, மழை குறைந்த இந்த நிலத்தின் விளைச்சலைக் கொண்டு இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டியிருக்க முடியாது. பணம் கடல் கடந்து வந்தது. கீழ் பர்மாவின் நெல் வயல்கள், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள், இலங்கை, சைகோன் ஆகிய இடங்களில் நடந்த வட்டித் தொழில்தான் இதன் ஊற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. வயலைத் திருத்தப் பர்மிய விவசாயிக்குக் கடன் தேவைப்பட்டது. அந்தக் கடனை நகரத்தார் கடைகள் கொடுத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் அந்த லாபம் கானாடுகாத்தான், தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், இராயவரம், கோனாபட்டு போன்ற ஊர்களில் சுவராகவும் தூணாகவும் நின்றது. 2014-இல் இந்தியா இந்த ஊர்த்தொகுதிகளை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்து பத்தாண்டுகள் கடந்த பின்னும் வீடுகள் விழுவது நிற்கவில்லை. மதிப்பு தெரியாததால் விழுகின்றன என்று இனியும் சொல்ல இயலாது.

வளவு வீட்டின் அமைப்பைப் பங்குக் கணக்காகப் படிக்கத் தொடங்கினால் காரணம் விளங்கும். தெருவில் தொடங்கும் மனை பல வீடுகளில் பின்தெரு வரை நீள்கிறது. முகப்பு, திண்ணை, பட்டாலை, அதற்கப்பால் நடுவில் முற்றமும் சுற்றிலும் தாழ்வாரமுமாக வளவு, பின்னர் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோட்டில் வாசல்கள் அமைகின்றன. வளவின் இருபுறமும் வரிசையாக அறைகள். இந்த அறைகளின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது கட்டியவரின் வசதி மட்டுமன்று. அவருக்கு இருந்த, இருக்கப்போகிற ஆண் பிள்ளைகளின் எண்ணிக்கையும்தான். மணமான ஒவ்வொரு மகனும் தன் மனைவியோடு ஒரு புள்ளி. குலக்கோயிலுக்கு வரி கட்டுவதற்கும் புள்ளிதான் அலகு, வீட்டில் அறை ஒதுக்குவதற்கும் புள்ளிதான் அலகு. மகனுக்குக் கல்யாணமாகிச் சில காலம் கழித்து வேறு வைப்பார்கள். அதன்பின் அந்தத் தம்பதியின் அடுப்பும் வரவு செலவும் தனி. அறை அவர்களுடையது, பூட்டு அவர்களுடையது, மருமகள் கொண்டுவந்த சீர்ப் பண்டங்கள் அதற்குள் இருக்கும். முகப்பும் பட்டாலையும் முற்றமும் எல்லோருக்கும் பொது. ஒரே கூரைக்குக் கீழே தனிச்சொத்தையும் பொதுச்சொத்தையும் கோடு கிழித்துப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றை வைத்துக் கட்டிய திட்டம் இது. அந்தக் கோடு பத்திரத்தில் இருந்ததைக் காட்டிலும் தரையில் தெளிவாக இருந்தது.

ஆகவே வீட்டின் வரலாற்றை எழுத விரும்புகிறவர் முதலில் படிக்க வேண்டிய பத்திரம் வீடேதான். பல வீடுகளின் முகப்பில் சுதையாலும் இரும்பாலும் எழுதிய எழுத்துகள் இருக்கின்றன. அவை குடும்பத்தின் விலாசம்: பாட்டன், தந்தை பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துத் தொழிலுக்கு வைத்த பெயர். அதை அவிழ்த்தால் எத்தனையாவது தலைமுறை இந்த வீட்டைக் கட்டியது என்று தெரியும். சில முகப்புகளில் ஆண்டும் உண்டு. இரும்பு உத்திரங்களில் வார்ப்பாலையின் முத்திரை, சுவரில் பதித்த பீங்கான் ஓடுகளின் பின்புறம் தயாரித்த நாட்டின் பெயர் என்று காலத்தைக் குறிக்கும் தடயங்கள் வேறு. நாட்டு ஓடு வேய்ந்த பின்கட்டும், சிமெண்டுக் கோடுகளால் அலங்கரித்த முகப்பு மாடியும் ஒரே வீட்டில் இருந்தால் அவை இரண்டு காலத்தவை. பின்கட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகவும் முகப்பு 1930-களில் பரவிய புதுப்பாணியாகவும் இருக்கக்கூடும். வளவின் நடுவே பிற்காலத்தில் எழுந்த தடுப்புச் சுவர், செங்கல் வைத்து அடைத்த வாசல், ஒரே தாழ்வாரத்தில் அடுத்தடுத்து முளைத்த சிறு அடுப்படிகள், தனித்தனி மின்மீட்டர்கள் ஆகியவற்றைக் கட்டடக்கலை நூல்கள் சிதைவு என்று ஒதுக்குகின்றன. உரிமை வரலாற்றைத் தேடுகிறவருக்கு அவைதான் முதன்மைச் சான்று. அண்ணன் தம்பிகள் எந்தத் தலைமுறையில், எந்த இடத்தில் பிரிந்தார்கள் என்பதை அந்தச் சுவர் சொல்கிறது.

வீடு சொல்வதைக் காகிதத்தோடு ஒப்பிடப் போனால் வருவாய்த்துறை ஆவணங்கள் பெரிதும் கைகொடுப்பதில்லை. அதற்கு நிர்வாக வரலாறு சார்ந்த காரணம் இருக்கிறது. செட்டிநாட்டின் ஒரு பகுதி சிவகங்கை ஜமீனுக்குள் இருந்தது. மற்றொரு பகுதி 1948 வரை தனி சமஸ்தானமாக நீடித்த புதுக்கோட்டைக்குள் இருந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்களின் பழைய கணக்குகள் இரண்டு வெவ்வேறு அரசுகளின் முறையில் எழுதப்பட்டவை. ஊரின் குடியிருப்புப் பகுதியான நத்தம் தீர்வைக்கு உட்படாத நிலம் என்பதால், பழைய கிராமக் கணக்கில் அது பெரும்பாலும் ஒரே தொகுதியாகக் கிடந்தது. எந்த மனை யாருடையது என்று வயலுக்கு எழுதியதைப்போல் எழுதவில்லை. நத்தத்தை அளந்து மனைவாரியாகப் பட்டா கொடுத்தது மிகவும் பிற்பட்ட காலத்தில்தான். சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்றிதழோ விற்பனை, அடமானம், பதிவுசெய்த பாகப்பிரிவினை போன்ற நடவடிக்கைகளை மட்டுமே காட்டும். தகப்பன் இறந்து மகனுக்குச் சொத்து வந்ததை அது காட்டாது. பதிவுசெய்யாத உயிலும், வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அதில் ஏறாது. நான்கு தலைமுறையாக விற்கப்படாத வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் வெற்றுத்தாள் வரலாம். கைமாறாமல் காப்பாற்றிய குடும்பத்தின் வரலாறே அரசு ஆவணத்தில் மிகக் குறைவாக இருக்கும் என்பது இதன் பொருள். ஊராட்சியின் வீட்டுவரி ரசீதில் இறந்துபோன பாட்டனாரின் பெயர் தொடரும். அதுவும் உரிமைக்குச் சான்று ஆகாது.

அரசிடம் இல்லாத காகிதம் சமூகத்திடம் இருக்கிறது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது குலக்கோயில்களிலும் புள்ளிக் கணக்கு எழுதும் வழக்கம் உண்டு. எந்தக் குடும்பத்தில் எந்தக் காலத்தில் எத்தனை புள்ளிகள் இருந்தன என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். திருமணத்தில் எழுதும் இசைகுடிமானம் மணமக்களின் பெயர், ஊர், கோயில், தந்தை வழி ஆகியவற்றைத் தரும். பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பங்காளிகளிடமிருந்து பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, நகரத்தார் மரபில் பரவலாக இருந்ததால், பிறந்த வீட்டுக் கணக்கிலிருந்து ஒருவர் விலகி இன்னொரு வீட்டுக் கணக்கில் சேர்வது அடிக்கடி நிகழ்ந்தது. இதைக் கவனிக்காமல் எழுதும் வம்சாவளி பங்கைத் தவறாகக் காட்டும். பேரேடும் ஐந்தொகையும் சீர்ச் சிட்டைகளும் மர அலமாரிகளில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கட்டுமானச் செலவு எழுதிய கணக்கு அவற்றில் கிடைத்தால், தேக்கு எப்போது வந்தது, கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் என்ன கூலி கொடுத்தார்கள் என்பது வரை தெரியும். இக்காகிதங்களின் மதிப்பை அறிந்த ஒருவர் செட்டிநாட்டிலேயே இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அச்சுத் துண்டுகளும்தான் இன்று சென்னையில் அவர் பெயரால் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம். ஒரு மனிதர் அச்சுக்குச் செய்ததை வீட்டு ஆவணங்களுக்கு ஒரு வட்டாரமே சேர்ந்து செய்ய முடியும்.

இதற்கு அவசரம் ஏன் என்பதைப் பொருளாதார வரலாறும் எளிய கணக்கும் சேர்ந்து சொல்கின்றன. 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் அரிசி விலையைச் சாய்த்தபோது பர்மிய விவசாயிகளால் கடனைத் திருப்பிக் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த அவர்களது நிலம் 1937-இல் 25 சதவீதமாயிற்று. ரொக்கமாகச் சுழல வேண்டிய முதல், விற்க முடியாத வயலாக உறைந்தது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948-இல் சுதந்திர பர்மாவின் நில தேசியமயச் சட்டம், 1960-களில் ராணுவ ஆட்சியின் நடவடிக்கைகள் என்று அடுத்தடுத்து வந்த அடிகளில் அதுவும் போயிற்று. ஊரில் இருந்த வீட்டைப் பராமரித்து வந்த வருமானம் நின்றது. வாரிசுகளின் எண்ணிக்கை நிற்கவில்லை. 1900-இல் வீடு கட்டியவருக்கு மூன்று மகன்கள், தலைமுறைதோறும் ஒவ்வொருவருக்கும் மூன்று மகன்கள் என்று வைத்துக்கொண்டால், மகன்கள் 3, பேரன்கள் 9, கொள்ளுப்பேரன்கள் 27, அதற்கடுத்த தலைமுறையில் 81 பேர். பத்துப் பன்னிரண்டு அறைகள் கொண்ட வளவால் இதைத் தாங்க முடியாது. அறையைப் பங்காகக் கொண்ட கட்டடத் திட்டம் மூன்றாம் தலைமுறையோடு தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதன்பின் பங்கு என்பது தரையில் காட்ட முடியாத, காகிதத்தில் மட்டுமே நிற்கக்கூடிய பின்னமாகிறது. அந்தக் காகிதம்தான் எழுதப்படவில்லை.

மகள்களின் உரிமை இந்தக் கணக்கை மேலும் மாற்றியது. மாற்ற வேண்டியதும் நியாயமே. வளவின் அறைகள் மகன்களை எண்ணிக் கட்டப்பட்டவை. மகளுக்குச் சீதனம் கொடுத்தாயிற்று, வீட்டில் பங்கில்லை என்பதே நெடுங்கால வழக்கம். 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளை வாரிசாக ஏற்றபோதிலும், அதன் 23-ஆம் பிரிவு குடும்பம் வசிக்கும் வீட்டுக்கு விதிவிலக்கு வைத்தது: ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவெடுக்கும் வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை கொடுத்தது. ஆயினும் அதற்கு முன் மணமானவர்களை விலக்கியது. 2005-இன் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தப் பிறப்புரிமையை நாடு முழுவதற்கும் விரித்ததோடு 23-ஆம் பிரிவையும் நீக்கியது. 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்று தெளிவாக்கியது. இந்த மாற்றங்களால் வீடு பாழாகிறது என்று சிலர் பேசுவது தவறு. அந்த வீட்டுக்குள் சீர்ப் பண்டமாகவும் நகையாகவும் உழைப்பாகவும் பெண்கள் கொண்டுவந்தது ஏராளம். சிக்கல் அவர்களுடைய பங்கில் இல்லை. கட்டடமும் குடும்பக் கணக்கும் ஆண்வழியையே எழுதி வந்ததால், சட்டம் ஏற்றுக்கொண்ட உரிமையாளர்களில் பாதிப்பேரின் பெயர்கூட எங்கும் எழுதப்படாமல் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

பங்கு தெளிவில்லாத வீடு எப்படி விழுகிறது என்று பாருங்கள். கூரையில் ஓடு உடைந்தால் அது பொது இடமான வளவின் கூரை. சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் பங்காளிகளில் யார் எவ்வளவு தர வேண்டும் என்று முடிவாவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். நீர் இறங்கினால் சுண்ணாம்புச் சுவர் ஊறும், உத்திரம் இற்றுப்போகும். ஒருவர் தன் பின்னப் பங்கை வெளியாளுக்கு விற்கிறார். கூட்டுக்குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் உடனே உள்ளே வந்து குடியேற முடியாது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது; அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்தார் அவருடைய பங்கை மதிப்பிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று 1893-இன் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வழிவிடுகிறது. ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதை முதலில் நிரூபிக்கவே ஆண்டுகள் ஆகும். வீட்டைக் கூறு போடுவது சாத்தியமில்லை என்று நீதிமன்றம் கருதி, பாதிக்குக் குறையாத பங்கு உடையவர்களும் கேட்டால், அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவின்படி விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொடுக்க உத்தரவிடலாம். அந்த நிலைக்கு வந்துவிட்டால் முழு வீட்டை வாங்க ஆள் கிடைப்பது அரிது. தூணுக்கும் கதவுக்கும் ஆள் உடனே கிடைக்கும். மரத்தைத் துண்டு துண்டாக விற்றுப் பணமாகப் பங்கிடுவது, எழுதப்படாத பங்குக் கணக்கைத் தீர்க்கும் மிக எளிய வழி. வீடு இடிக்கப்படுவதன் உள்கணக்கு இதுவே.

வீட்டுப் பங்கை எழுதச் சொல்வது, உறங்கும் சண்டையை எழுப்புவதாகாதா என்று கேட்கலாம். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் அறுபதாம் ஆண்டு சாந்திக்கும் எல்லோரும் கூடுகிற வீடு அது. கணக்குப் பேசாததால்தான் உறவு நிற்கிறது என்று மூத்தவர்கள் கருதுவதில் அனுபவ அறிவு இருக்கிறது. குடும்பச் சொத்து விவரத்தை வெளியில் விரித்தால் நிலத் தரகர்களுக்கும் மோசடிக்காரர்களுக்கும் வழிகாட்டியதாகும் என்ற அச்சமும் நியாயமானது. இதற்கு விடை, பதிவை இரண்டாகப் பிரிப்பது. கட்டடத்தின் அளவுப்படம், காலவரிசை, கட்டுமானப் பொருள், கைவினை ஆகியவை பொதுமக்களுக்குத் திறந்திருக்கலாம். பங்குக் கணக்கு குடும்பத்திடமும், அவர்கள் விரும்பினால் பாதுகாப்பான ஆவணக் காப்பகத்திலும் மட்டுமே இருக்கலாம். சண்டையைப் பொறுத்தவரை, வயதானவர்கள் உயிரோடு இருக்கும்போது எழுதினால் அது பேச்சுவார்த்தை. அவர்கள் போனபின் எழுதினால் அது வழக்கு. யாருடைய அறை எது, யார் யாருக்குப் பிள்ளையாகக் கூட்டப்பட்டார், எந்தச் சுவர் எந்த ஏற்பாட்டின்படி வந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை எண்பதைக் கடந்துவிட்டது. மௌனம் இதுவரை உறவைக் காத்திருக்கலாம். சாட்சிகள் மறைந்தபின் அதே மௌனம் எந்தப் பக்கத்துப் பொய்யையும் மறுக்கும் திறனற்றதாகிவிடும்.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. வட்டியில் சேர்த்த பணத்தில், பர்மிய விவசாயி நிலமிழந்த காலத்தில், ஒரு வணிகச் சமூகம் தனக்குக் கட்டிக்கொண்ட மாளிகைகளுக்கு ஏன் மற்றவர்கள் கவலைப்பட வேண்டும்? குடிசையில் வாழ்ந்தவர்களின் வரலாற்றை யார் பதிகிறார்கள்? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுச் செட்டிநாட்டு அழகைப் பாடுவது நேர்மையாகாது. ஆனால் இந்தக் கேள்விக்கு நியாயம் செய்வதும் உரிமை வரலாறுதான். தூணின் பளபளப்பைப் படம் பிடிக்கும் நூலில் பர்மிய வயல் தெரியாது. எந்த ஆண்டு, எந்தக் கடையின் லாபத்தில் இந்த முகப்பு மாடி எழுந்தது என்று பேரேட்டைப் பார்த்து எழுதும்போது அந்த வயலும் அந்தக் கடனும் கட்டடத்துக்குள் வந்துசேரும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுவரைக் கண்ணாடியாகத் தேய்த்த கொத்தனார்கள், நிலைப்படியில் கஜலட்சுமி செதுக்கிய ஆசாரிகள், கண்ணாடித் தட்டில் நிறக்கலவை ஊற்றி ஆத்தங்குடிக் கல் வார்த்தவர்கள், அடுப்படியிலும் பின்கட்டிலும் உழைத்தவர்கள் ஆகியோரின் கூலிக் கணக்கும் அந்தப் பேரேடுகளில்தான் கிடைக்கக்கூடும். வீட்டை இடித்து, கணக்கேட்டைப் பழைய காகிதமாக எடைக்குப் போட்டால், கட்டியவரின் பெருமையோடு உழைத்தவரின் சான்றும் போய்விடும். குடிசைகளின் வரலாற்றுக்கும் இதே பதிவுமுறை வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. நத்தத்தில் மனைப்பட்டா இல்லாமல் தவித்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகளே. ஊரை வீடுவாரியாக எழுதத் தொடங்கினால் பெரிய வீதியோடு நிறுத்த வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

சந்தையே வீட்டைக் காப்பாற்றிவிடும், அரசும் பதிவேடும் எதற்கு என்போரும் உண்டு. கானாடுகாத்தானில் ஒரு தந்தை தன் மகளுக்காகக் கட்டிய விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் போன்றவை விடுதிகளாகி நன்றாகப் பேணப்படுகின்றன என்பது உண்மை. அவை சுற்றுவட்டாரத்தில் வேலை கொடுக்கின்றன, பழைய கைவினைகளுக்கு ஆர்டர் கொடுக்கின்றன. ஆனால் முதலீடு செய்பவர் கேட்கும் முதல் கேள்வி குத்தகைப் பத்திரத்தில் யார் யார் கையெழுத்திடுவார்கள் என்பதுதான். உரிமை ஒருவரிடமோ ஒருமித்த சிலரிடமோ இருக்கும் வீடுதான் விடுதியாக முடியும். பங்கு சிதறிய ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சந்தை தரும் விலை மரத்தின் விலை மட்டுமே. இன்னொரு பக்கம், வீட்டை விற்கவும் இடிக்கவும் உரிமையாளருக்கு உள்ள உரிமையை அரசு முடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெளியூரில் வாழும் குடும்பம் தன் முதுமைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் சொத்தை விற்பதில் குற்றமில்லை. பராமரிக்கப் பணம் கொடுக்காமல் தடையுத்தரவு மட்டும் போட்டால், வீடு சட்டப்படி நின்றுகொண்டு மழையில் விழும். 2012-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தமிழ்நாடு மரபுச் சின்ன ஆணையச் சட்டம் பல ஆண்டுகள் செயல்வடிவம் பெறாமல் கிடந்ததை நினைத்தால், தடையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதும் புரியும்.

செய்யக்கூடியது என்ன? முதலாவதாக, ஒவ்வோர் ஊரிலும் வீட்டு வரலாற்றுப் பதிவேடு தொடங்க வேண்டும். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகமும் அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. மாணவர்கள் அளவெடுக்கவும், வரலாற்றுத் துறையினர் கணக்கேடுகளைப் படிக்கவும், ஊர் நகரத்தார் சங்கங்கள் புள்ளிக் கணக்கையும் இசைகுடிமானங்களையும் படியெடுத்துத் தரவும் ஏற்பாடு செய்தால் பெரும் செலவின்றி நடக்கும். இரண்டாவதாக, பழைய வீட்டை இடிக்க அனுமதி கேட்கும்போது, அதன் அளவுப்படமும் புகைப்படங்களும் கட்டட வரலாறும் அடங்கிய பதிவை ஊராட்சியில் ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கலாம்; இது இடிக்கும் உரிமையைப் பறிக்காது, சான்று அழிவதை மட்டும் தடுக்கும். மூன்றாவதாக, பங்காளிகளும் மகள்வழி வாரிசுகளும் ஒன்றுகூடி முகப்பு, பட்டாலை, வளவு ஆகிய பொது இடங்களை ஒரு குடும்ப அறக்கட்டளையின் பெயரில் வைக்க முன்வந்தால், அந்தப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் அரசு தனிச்சலுகை தர வேண்டும். குடும்பத்தாருக்குள் நடக்கும் பாகப்பிரிவினைக்கு ஏற்கெனவே தீர்வை உச்சவரம்பு இருக்கிறது. பிரிப்பதற்குக் கொடுக்கும் சலுகையைச் சேர்த்து வைப்பதற்கும் கொடுப்பதில் தவறென்ன? நான்காவதாக, சார்பதிவாளர் அலுவலகங்களிலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களிலும் இருக்கும் ஜமீன், சமஸ்தான காலத்து ஏடுகளைப் படியெடுத்து ஆய்வாளருக்குத் திறந்துவிட வேண்டும்.

இவ்வளவையும் செய்தால் எல்லா வீடுகளும் நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சில விற்கப்படும், சில இடிக்கப்படும். ஆனால் பங்கு தெளிவான வீட்டில் விற்பதா, பேணுவதா, வாடகைக்கு விடுவதா, ஊருக்குப் பள்ளியாகவும் நூலகமாகவும் கொடுப்பதா என்பது உரிமையாளர்கள் அறிந்து எடுக்கும் முடிவாக இருக்கும். இன்று நடப்பதுபோல், முடிவெடுக்கவே முடியாததன் விளைவாக இருக்காது. நகரத்தாரின் தொழில் கடல் கடந்தும் நிலைத்ததற்கு ஒரு காசும் எழுதாமல் விடாத கணக்கு ஒழுங்கு முக்கியக் காரணம். ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்த கடைக்கு ஐந்தொகை எழுதிய குடும்பங்கள் தம் சொந்த வீட்டுக்கு எழுத வேண்டிய கணக்கை நினைவிடம் ஒப்படைத்துவிட்டன. வாழும் முதியவர்களிடம் கேட்டு அதை எழுதி முடிப்பது அவர்களுக்குப் புதிய வேலையன்று. தங்கள் முன்னோர் கடைப்பிடித்த ஒழுங்கை வீட்டு வாசலுக்குள் கொண்டுவருவதுதான். அரசும் பல்கலைக்கழகங்களும் அதற்குத் துணைநிற்க வேண்டும், வரும் படைப்புக்குக் குடும்பம் கூடும்போதே முதல் பக்கம் எழுதப்பட வேண்டும்.